கப்பல் நின்ற பொழுதில் தொடங்கிய ஆட்டம்



சென்ற மாதம் எங்கள் மத்ரஸாவின் சுற்றுச் சுவருக்கு வெள்ளையடிக்க இருவர் வந்திருந்தனர். அஸர் தொழுகை முடிந்தது. ஓதும் பிள்ளைகள் வழக்கம்போல் பக்கத்துச் சந்தில் ரப்பர் பந்தோடு இறங்கிவிட்டார்கள். இராயபுரத்துச் சந்துகளை அறிந்தவர்களுக்கு அந்த மைதானத்தின் அளவைச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பக்கம் சாக்கடை, மறுபக்கம் நிறுத்தி வைத்த மீன்பாடி வண்டி. நேராக அடித்தால் ஓட்டம். பக்கவாட்டில் அடித்தால் யாராவது ஒரு வீட்டம்மாவின் வசவு.

அவர்களில் ஒரு சிறுவன் மணிக்கட்டை விசித்திரமாகச் சுழற்றி, கண்களை அகல விழித்துப் பந்து வீசினான். "முரளி போடுறான்டா!" என்று மற்றவர்கள் கூவினர். முத்தையா முரளிதரன் ஓய்வு பெற்றபோது அந்தப் பிள்ளை பிறக்கவே இல்லை. கைப்பேசியில் பார்த்துக் கற்றானாம். ஆட்டம் முடிந்து ஒளூச் செய்ய வந்தவன் என்னிடம் கேட்டான்: "ஹஜ்ரத், முரளிதரன் தமிழர்தானே? அப்புறம் ஏன் சிங்களவங்க டீமுக்கு ஆடினாரு?"

ஏணியின் மேல் நின்றிருந்த வெள்ளையடிப்பவரின் கை அப்படியே நின்றுவிட்டது. அவர் கும்மிடிப்பூண்டி முகாமிலிருந்து வருபவர் என்பது எனக்குத் தெரியும். ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. "பிறகு சொல்கிறேன்" என்று பிள்ளையை அனுப்பிவிட்டேன். கல்லூரியில் வரலாறு பயின்றவன் நான். ஆயினும் அந்தக் கேள்விக்கு ஒரு வரியில் விடை கிடைக்கவில்லை. அதனால்தான் இந்த மாதப் பக்கத்தை ஓர் அணியின் கதைக்குக் கொடுத்துவிட்டேன்.

கதை நம் பகுதியினருக்கு நன்கு பழக்கமான ஒன்றிலிருந்து தொடங்குகிறது. அது கப்பலின் காத்திருப்பு. இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியா செல்லும் கப்பல்கள் நிலக்கரிக்கும் தண்ணீருக்கும் கொழும்பில் நிற்கும். அதில் பயணம் செய்யும் கிரிக்கெட் அணியினர் கால் மரத்துப் போய் இருப்பார்கள். கரையிறங்கி ஒரு நாள் ஆடிவிட்டு மீண்டும் கப்பலேறுவர். 1882இல் ஐவோ பிளை என்பவரின் தலைமையில் சென்ற ஆங்கிலேய அணி இவ்வாறு ஆடியதுதான் அந்த வரிசையின் தொடக்கம். அதன் பிறகு அரை நூற்றாண்டுக்கும் மேலாக, உலகின் பெரிய ஆட்டக்காரர்களை இலங்கை மக்கள் கப்பல் நிற்கும் அந்தச் சில மணி நேரத்தில்தான் கண்டார்கள்.

1948ஆம் ஆண்டு மார்ச் மாதம் டான் பிராட்மனின் ஆஸ்திரேலிய அணி இங்கிலாந்து செல்லும் வழியில் கொழும்பில் இறங்கியது. இலங்கை விடுதலை பெற்று இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பெருங்கூட்டம் திரண்டிருந்தது. ஆட்டத்தின் நடுவில் ஒரு சந்தேகம் எழுந்து ஆடுகளத்தை அளந்து பார்த்தால், 22 கெஜம் இருக்க வேண்டியது 20 கெஜம்தான் இருந்தது! விருந்தாளியை அழைத்துவிட்டு இலை போட மறந்த வீட்டுக்காரரின் நிலைமை. அன்று இலங்கை அணிக்குத் தலைமை வகித்தவர் ஒரு தமிழர், மகாதேவன் சதாசிவம். அதற்கு முந்தைய ஆண்டு, 1947இல், நம் சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கு எதிராக 215 ஓட்டங்கள் குவித்தவர் அவர். பின்னாளில் சிங்கப்பூருக்கும் மலேயாவுக்கும்கூட அவரே தலைமை தாங்கினார். மூன்று நாடுகளின் அணிகளுக்குத் தலைவராக இருந்தவர் என்று வேறு யாரைச் சொல்ல முடியும்?

ஆக, அந்தச் சிறுவனின் கேள்விக்கு முதல் பதில் இதுதான். அது "சிங்களவர் அணி"யாகத் தொடங்கவில்லை. ஆனால் எல்லோரும் ஒன்றாகக் கூடி ஆடிய ஆட்டமாகவும் தொடங்கவில்லை. கொழும்பின் கழகங்களைப் பாருங்கள். சிங்கள விளையாட்டுக் கழகம், தமிழ் யூனியன், மூர்ஸ் கழகம், மலாய் கிரிக்கெட் கழகம், பறங்கியருக்குத் தனிக் கழகம். வெள்ளையர் தமக்கென ஒரு கழகம் வைத்துக்கொண்டு மற்றவரை வெளியே நிறுத்த, வெளியே நின்றவர்கள் இனத்துக்கு ஒன்றாகக் கழகம் கண்டனர். நம் சமுதாயத்தவரின் மூர்ஸ் கழகம் இன்றும் இருக்கிறது. மற்ற இனத்தவரும் அதில் ஆடுகிறார்கள். தமிழ் யூனியனின் மைதானத்துக்கு, இலங்கைக் கிரிக்கெட் வாரியத்தின் முதல் தலைவராக இருந்த பாக்கியசோதி சரவணமுத்துவின் பெயர். அந்த மைதானத்தில்தான் பின்னாளில் இலங்கை தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தையும் ஆடியது. முதல் டெஸ்ட் வெற்றியையும் பெற்றது. சுற்றிலும் வேலி போட்டுக்கொண்ட கழகங்கள், ஆட்டம் என்று வந்தால் ஒன்றையொன்று சந்தித்தே தீர வேண்டும். அந்தச் சந்திப்பிலிருந்துதான் நாட்டின் அணி பிறந்தது. வேலியை நான் மெச்சவில்லை. வேலிக்கு ஒரு வாசல் இருந்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

அந்த அணிக்கு நெடுங்காலம் வாய்த்த ஒழுங்கான எதிரணி எது தெரியுமா? நம் சென்னைதான். ஹாக்கி, கிரிக்கெட் இரண்டிலும் இந்தியாவுக்கு ஆடிய எம்.ஜே. கோபாலன் பெயரால் 1953இல் ஒரு கோப்பை தொடங்கப்பட்டது. சென்னை மாகாண அணியும் இலங்கை அணியும் ஓர் ஆண்டு இங்கே, ஓர் ஆண்டு அங்கே என்று மோதின. 1970களின் நடுப்பகுதி வரை இது நடந்தது. ஒரு நாட்டின் அணி ஒரு மாகாண அணியோடு மோதுவதா என்று இன்று நமக்குச் சிரிப்பு வரலாம். பெரிய நாடுகள் கப்பல் நிற்கும் நேரத்தை மட்டும் கொடுத்தபோது, ஆண்டுதோறும் வீட்டுக்கு வந்து போன அயலவர் இவர்கள்தாம்.

1965இல் இலங்கைக்குச் சர்வதேச அமைப்பில் இணை உறுப்பினர் தகுதி கிடைத்தது. முழுத் தகுதிக்கு 16 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 1975 உலகக் கோப்பையில் ஆஸ்திரேலியாவின் ஜெஃப் தாம்சன் வீசிய பந்துகள் பட்டு துலீப் மெண்டிஸும் சுனில் வெத்தமுனியும் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். ஆயினும் அந்த அணி 329 என்ற இலக்கைத் துரத்தி நான்கே விக்கெட்டுக்கு 276 எடுத்துக் காட்டியது. 1979இல் இந்தியாவையே 47 ஓட்டங்களில் வென்றது. இனியும் வாசலில் நிறுத்தி வைக்க முடியாது என்ற நிலை வந்தது.

1981 ஜூலை 21 அன்று டெஸ்ட் தகுதி வழங்கப்பட்டது. வரலாற்று மாணவனான எனக்கு அந்தத் தேதியைத் தனியே வாசிக்க முடிவதில்லை. அதற்கு ஏறக்குறைய ஏழு வாரங்களுக்கு முன்பு, மே 31 நள்ளிரவை ஒட்டி, யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குத் தீ வைக்கப்பட்டது. ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாயின. அதே கோடையில், அதே நாட்டில், ஒரு வீட்டில் தீ, இன்னொரு வீட்டில் திருவிழா.

1982 பிப்ரவரியில் இங்கிலாந்துக்கு எதிராகக் கொழும்பில் முதல் டெஸ்ட். பந்துல வர்ணபுர தலைவர். பள்ளி மாணவனான அர்ஜுன ரணதுங்க, 18 வயதில், இலங்கையின் முதல் அரைச் சதத்தை அடித்தார். ஆட்டத்தில் தோல்விதான். அந்தப் பதினொருவரில் தமிழரும் இல்லை, முஸ்லிமும் இல்லை. அதே செப்டம்பரில் அவர்கள் சேப்பாக்கத்துக்கு வந்தனர். இந்தியாவுடன் அவர்களுக்கு அதுவே முதல் டெஸ்ட். துறைமுகத்தில் கணக்கராக இருந்த எங்கள் பெரியத்தா அன்றைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு போனவர். இலங்கையிடம் இந்தியா எளிதில் வெல்லும் என்று பந்தயம் பேசியவர்கள் எல்லாம் வாயடைத்துத் திரும்பினார்களாம். துலீப் மெண்டிஸ் முதல் இன்னிங்ஸில் 105, இரண்டாவதிலும் அதே 105. கடைசி நாளில் 175 தேவை என்று ஆடிய இந்தியா 7 விக்கெட் இழந்து 135இல் நின்றது. ஆட்டம் சமன். "சின்னப் பிள்ளை என்று நினைத்துத் தலையில் குட்டப் போனோம், கையைப் பிடித்துக்கொண்டான்" என்பது பெரியத்தாவின் வருணனை.

அடுத்து ஒரு கறை. முதல் டெஸ்டின் தலைவரான அதே வர்ணபுர, அந்த ஆண்டின் இறுதியில் ஓர் அணியைத் திரட்டிக்கொண்டு, நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவுக்குப் பணத்துக்காக ஆடச் சென்றார். சென்றவர்களுக்கு 25 ஆண்டுத் தடை விதிக்கப்பட்டது. வறிய நாட்டு ஆட்டக்காரர்களின் இல்லாமையை நான் அறிவேன். அவர்கள் மீது இரக்கம் உண்டு. ஆனால் தன்னைத் தாழ்த்தி வைத்திருக்கும் ஒருவனின் பந்தியில் உட்கார்ந்து உண்பதற்கு இல்லாமை ஒரு காரணமாகாது என்றே நினைக்கிறேன். வாசகர்களில் சிலர் மாறுபடலாம்.

1983 மார்ச் மாதம் நியூசிலாந்தில் ஸ்ரீதரன் ஜெகநாதன், வினோதன் ஜான் ஆகிய இரு தமிழர்கள் இலங்கைக்காக டெஸ்ட் ஆடினர். நான்கே மாதம். ஜூலையில் கொழும்பு எரிந்தது. அந்த நாட்களைப் பற்றி நம் வீடுகளில் தெரியாதவர் இல்லை. ராமேசுவரத்திலும் மண்டபத்திலும் வந்திறங்கியவர்களை நாம் பார்த்திருக்கிறோம். 1984இல் லார்ட்ஸில் இலங்கை தன் முதல் ஆட்டத்தை ஆடியபோது தமிழர் சிலர் மைதானத்துக்குள் இறங்கி எதிர்ப்புக் காட்டினர். அதே மைதானத்தில் சிதத் வெத்தமுனி பத்து மணி நேரத்துக்கும் மேலாக நின்று 190 ஓட்டங்கள் எடுத்தார். இரண்டும் ஒரே ஆட்டத்தின் செய்திகள். துன்பம் ஒரு தரப்புக்கு மட்டும் சொந்தமாகவும் இருக்கவில்லை. 1990 அக்டோபரில் வடபுலத்து முஸ்லிம்கள் புலிகளால் வீடு வாசலை விட்டு வெளியேற்றப்பட்ட வரலாற்றை இதே போன்ற பக்கங்களில்தான் நாம் படித்தோம்.

கண்டியில் பிஸ்கட் தொழில் செய்துவந்த ஒரு குடும்பம். பாட்டனார் தமிழகத்திலிருந்து சென்றவர். 1977 கலவரத்தில் அவர்களும் தாக்குதலுக்குத் தப்பவில்லை. அந்த வீட்டுப் பிள்ளைதான் முரளிதரன். அதே கண்டி நகரில் ஒரு சிங்கள வழக்கறிஞரின் வீடு. 1983 கலவரத்தின்போது அவர் தம் தமிழ் நண்பர்கள் 35 பேரைக் குடும்பத்தோடு வீட்டில் ஒளித்து வைத்துக் காத்தார். விளையாடத் தோழர்கள் கிடைத்த மகிழ்ச்சியில் அந்த வீட்டின் ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது ஒரு விடுமுறை போலத் தோன்றியதாம். அந்தப் பிள்ளை குமார் சங்கக்கார. 2011இல் லார்ட்ஸில் ஆற்றிய உரையில் அவரே இதைச் சொன்னார். பின்னாளில் முரளி பந்து வீச, விக்கெட்டுக்குப் பின்னால் நின்று பிடித்தவர் அவர்தான்.

1995 டிசம்பர் 26 அன்று மெல்போர்னில், நிறைந்த மைதானத்தில், முரளியின் கை மடங்குகிறது என்று நடுவர் டாரல் ஹேர் ஏழு முறை 'நோபால்' கூறினார். பிறவியிலேயே முழுமையாக நீளாத முழங்கை அது. ரணதுங்க தம் பந்து வீச்சாளரைக் கைவிடவில்லை. 1999இல் அடிலெய்டில் மீண்டும் அப்படி நேர்ந்தபோது, அணியையே எல்லைக் கோடு வரை அழைத்துச் சென்று நின்றார். ஒரு தமிழனுக்காகச் சிங்களத் தலைவர் ஒருவர் உலகத்தோடு சண்டையிட்டார் என்பதை, அந்த நாட்டின் மற்ற எல்லாச் செய்திகளோடும் சேர்த்தே நான் நினைவில் வைத்திருக்கிறேன். ஒன்று மற்றொன்றை அழித்துவிடாது.

இனி 1996. அப்போது எனக்குப் பதினாறு வயது. ஜனவரி 31 அன்று கொழும்பு மத்திய வங்கியில் குண்டு வெடித்து ஏறத்தாழ 90 பேர் மாண்டனர். இரண்டு வாரத்தில் உலகக் கோப்பை. ஆஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் கொழும்புக்கு வர மறுத்துவிட்டன. அப்போதுதான் ஒரு காட்சி நடந்தது. பிப்ரவரி 13 அன்று இந்தியாவும் பாகிஸ்தானும் சேர்ந்து ஒரே அணியாகக் கொழும்பில் இறங்கின! தலைவர் அசாருத்தீன். வாசிம் அக்ரம் பந்து வீச, டெண்டுல்கர் பிடிக்க, களுவிதாரண ஆட்டமிழந்தார். ரமளானின் கடைசிப் பத்து நாட்கள். தராவீஹ் முடிந்து வந்த பெரியவர்கள், எந்த நாளும் கிரிக்கெட் பேசாதவர்கள்கூட, எங்கள் தெருவில் அதைப் பேசிக்கொண்டு நின்றார்கள். இழவு வீட்டுக்கு அயலார் இருவர், தமக்குள் பேச்சு வார்த்தை இல்லாதவர்கள், கைகோத்து வந்து நின்றது போல இருந்தது. வராதவர்களுக்கும் நியாயம் இருந்திருக்கும். வந்தவர்களைத்தான் வீட்டார் மறப்பதில்லை.

மார்ச் 17, ஞாயிற்றுக்கிழமை, லாகூரில் இறுதியாட்டம். எதிரில் அதே ஆஸ்திரேலியா. அரவிந்த டி சில்வா 3 விக்கெட் எடுத்தார், 2 பந்துகளைப் பிடித்தார், பிறகு ஆட்டமிழக்காமல் 107 அடித்தார். ஏழு விக்கெட் வித்தியாசத்தில் வெற்றி. லாகூர் மக்கள் தம் சொந்த அணி வென்றது போல் ஆர்ப்பரித்தனர். நான்கு நாட்களுக்கு முன்பு கொல்கத்தாவில் நம் அணி தோற்கும் நிலையில் பாட்டில் வீசித் தீ மூட்டி ஆட்டத்தையே நிறுத்திய நம்மவர்களை எண்ணி, நான் அன்று வெட்கப்பட்டேன்.

அந்தக் கடனை இலங்கை திருப்பிச் செலுத்தியது. 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பின் இந்திய அணி பாகிஸ்தான் பயணத்தைக் கைவிட்டது. வேறு எவரும் செல்ல விரும்பாத அந்த நேரத்தில் இலங்கை சென்றது. 2009 மார்ச் 3 காலை, லாகூர் மைதானத்துக்குச் செல்லும் வழியில் அவர்களின் பேருந்தைத் துப்பாக்கிகளோடு சூழ்ந்துகொண்டனர். காவலர் ஆறு பேரும் பொதுமக்கள் இருவரும் உயிரிழந்தனர். திலான் சமரவீர உட்பட ஆட்டக்காரர் சிலர் காயமுற்றனர். பேருந்தின் ஓட்டுநர் மெஹர் முஹம்மது கலீல். சரமாரியாகக் குண்டுகள் பாய்ந்துகொண்டிருந்தபோது அவர் வண்டியை நிறுத்தவில்லை, இறங்கி ஓடவும் இல்லை. விரைந்து செலுத்தி மைதானத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தார். விருந்தினரின் உயிர் தம் கையில் என்று கருதிய அந்த மனிதரை இலங்கைக்கு அழைத்துச் சிறப்புச் செய்தார்கள். குண்டேந்தியவர்களின் பெயர்கள் எனக்கு நினைவில்லை. ஓட்டுநரின் பெயர் நினைவிருக்கிறது. பத்தாண்டு கழித்து, 2019 டிசம்பரில், பாகிஸ்தான் மண்ணில் மீண்டும் டெஸ்ட் ஆட முதலில் சென்ற நாடும் இலங்கைதான்.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். 2007, 2011 உலகக் கோப்பை இறுதிகளில் தோல்வி. 2014இல் டாக்காவில் இந்தியாவை வென்று இருபது ஓவர் உலகக் கோப்பை. பெட்ரோலுக்கும் சமையல் எரிவாயுவுக்கும் நாடே வரிசையில் நின்ற 2022இல் ஆசியக் கோப்பை. மறு ஆண்டே அதே கோப்பையின் இறுதியில் நம் சிராஜ் பந்துவீச்சில் 50 ஓட்டங்களுக்குச் சுருண்டது. 2024 ஜூலையில் தம்புள்ளையில் அந்நாட்டுப் பெண்கள் அணி இந்தியாவை வென்று ஆசியக் கோப்பையை எடுத்தது. நம்மவர்களில் ஃபர்வீஸ் மஹ்ரூஃப் 2006இல் மும்பையில் மேற்கிந்தியத் தீவுகளின் 6 விக்கெட்டுகளை 14 ஓட்டங்களுக்கு வீழ்த்தியது என் மாணவர்களுக்கு இன்றும் ஆச்சரியம். தமிழ்நாட்டு மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத நாடு அது.

முரளி 800 விக்கெட்டுகளோடு 2010 ஜூலையில் காலியில் விடைபெற்றார். அந்த எண்ணிக்கையை உலகில் இன்னும் எவரும் எட்டவில்லை. அவர் நம் சென்னையில் பெண்ணெடுத்தவர். சென்னை அணிக்காகவும் மூன்று ஆண்டுகள் ஆடியவர். 2013இல் ஈழத்துப் போரின் இறுதி நாட்களைக் குறித்து தமிழகம் கொதித்தெழுந்தபோது, இலங்கை ஆட்டக்காரர் எவரும் சென்னையில் ஆடக் கூடாது என்று முடிவாயிற்று. அப்போது பெங்களூர் அணியில் இருந்த முரளிக்கும் அதே கதவு அடைக்கப்பட்டது. அங்கே தமிழர் என்றும் இங்கே இலங்கையர் என்றும் நிறுத்தப்பட்டார். அவர் பேசிய அரசியலோடு எனக்கு உடன்பாடில்லை. கொதித்தவர்களின் வலியும் பொய்யில்லை. ஆயினும் அந்தக் கதவை நான் நியாயப்படுத்த மாட்டேன்.

இவ்வளவையும் மறுநாள் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொன்னேன். கேள்வி கேட்ட சிறுவன், "அப்படின்னா நாம அவங்களுக்குக் கை தட்டலாமா, ஹஜ்ரத்?" என்றான். நான் பதில் தேடும் முன்பே ஏணியிலிருந்து குரல் வந்தது.

"ஐயா, நாங்கள் மன்னார். தொண்ணூற்றாறிலை முகாமிலை ஒரு டிவிதான். முரளி விக்கெட் எடுத்தால் மட்டும் கை தட்டுவம். மற்ற நேரம் சத்தம் வராது. அரவிந்த சதம் அடிச்சவுடனை என்ரை தம்பி தன்னை மறந்து எழும்பிக் கை தட்டிப்போட்டான். அப்பா அவனுக்கு ஒரு அறை விட்டார். கப்பு வாங்கின பிறகு பார்த்தால், அப்பா வெளியிலை வேப்ப மரத்துக்குக் கீழை நிண்டு அழுகிறார். ஏனெண்டு இண்டைக்கு வரைக்கும் நான் கேக்கேல்லை."

வாளியில் தூரிகையைத் தோய்த்துக்கொண்டு அவர் மீண்டும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். மக்ரிபுக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. பிள்ளைகள் பந்தை எடுத்துக்கொண்டு சந்துக்கு ஓடினார்கள்.